தராசு யார் கையில்?

தாய்மை தெய்விகமானது, அதனை எண்ணாலும் எடையாலும் அளக்க முற்படுவது இயந்திர மனப்பான்மை, பெற்ற வயிற்றுக்குத் தெரியாதது பட்டியலுக்குத் தெரிந்துவிடப் போகின்றதா? இப்படியொரு வாதம் எமது இலக்கிய நண்பர்களிடையே நெடுங்காலமாக உலவி வருகின்றது. கவியரங்குகளிலே இது கைதட்டலைப் பெறுகின்றது. சிறப்பு மலர்களிலே அழகிய எழுத்தில் அச்சேறுகின்றது. இதற்கு நேர் எதிராக இன்னொரு குரலும் இப்பொழுது எழுந்திருக்கின்றது. புதிதாகப் பெற்றோரானவர்கள் யார் சொல்லையும் நம்ப வேண்டியதில்லை. ஆய்வுகளைப் படியுங்கள், புள்ளிவிபரங்களை ஒப்பிடுங்கள், உங்கள் குழந்தைக்கு எது உகந்ததென நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்கின்றது அக்குரல். படித்த மத்தியதர வர்க்கத்து இளந்தம்பதியர் பலருக்கு இது மிகவும் உவப்பாயிருக்கின்றது.

இவ்விரு சாராரோடும் நாம் முரண்படுகின்றோம். முதற் சாரார் எண்ணை வெறுக்கின்றனர். இரண்டாம் சாரார் எண்ணைத் தம் வீட்டுச் சொத்தாக்கிக் கொள்கின்றனர். குழந்தை வளர்ப்பிலே எண்ணும் ஆதாரமும் வேண்டுமென்பதில் எமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால், எண்ணியவர் யார், யாருக்காக எண்ணினார், எண்ணிக் கண்ட உண்மையின்படி நடக்கும் வல்லமை யாருக்கு இருக்கின்றது என்ற மூன்று கேள்விகளையும் கேளாமல், "ஆதாரத்தின்படி முடிவு செய்க" என்று பெற்றோருக்கு உபதேசிப்பது, காலில் விலங்கு பூட்டப்பட்டவனுக்கு நடையின் நன்மையை விளக்குவது போன்றதே.

முதலில், எண்ணை இகழ்வோருக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகின்றோம்.

1840களில் வியன்னா நகரத்துப் பொது வைத்தியசாலையிலே இரண்டு மகப்பேற்று விடுதிகள் இருந்தன. முதலாவதிலே வைத்தியர்களும் வைத்திய மாணவர்களும் பிரசவம் பார்த்தனர். இரண்டாவதிலே மருத்துவிச்சிகள் பார்த்தனர். 1846ஆம் ஆண்டிலே முதலாம் விடுதியில் 100 தாய்மாருக்கு 11 பேர் என்ற அளவில் மாண்டனர். இரண்டாம் விடுதியிலோ 3 பேருக்கும் குறைவு. பெரும்பாலும் பிரசவக் காய்ச்சலே அவர்களைக் கொண்டுபோயிற்று. நகரத்து ஏழைப் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது. முதலாம் விடுதியிலே தம்மைச் சேர்க்க வேண்டாமென்று அவர்கள் முழந்தாளிட்டு மன்றாடினர். சிலர் தெருவிலே பெறுவதே மேலென்று தெருவிலேயே பெற்றனர். பேராசிரியர்களோ காற்றின் நஞ்சையும் பெண்களின் அச்சத்தையும் காரணங்காட்டிக் கொண்டிருந்தனர். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் வைத்தியர்தான் இரண்டு விடுதிகளின் மரணக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பிணங்களை அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவ விடுதிக்கு வருவதே காரணமென்று கண்டார். 1847இல் குளோரின் சுண்ணாம்புக் கரைசலிலே கைகழுவும் விதியைக் கொண்டுவந்தார். முதலாம் விடுதியின் மரணங்கள் சடுதியாகச் சரிந்தன. ஆயினும் மேலோர் அவரை ஏற்கவில்லை. 1865இலே ஒரு மனநோய் விடுதியில் அவர் இறந்தார்.

இந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் செம்மல்வைஸோடு நின்றுவிடுவர். நாமோ அவருக்கு முன்னரே கணக்கை அறிந்திருந்த அந்த ஏழைத் தாய்மாரைப் போற்றுகின்றோம். தம் உயிரும் பிள்ளையின் உயிரும் எங்கே பிழைக்குமென்று எண்ணிப் பார்த்து முடிவெடுத்தவர்கள் அவர்களே. எண்ணுவது தாய்மைக்குப் புறம்பானதென்று கூறுவோர் அவர்களுடைய முகத்தைப் பார்த்து அதைக் கூறட்டும்.

இனி எமது வீடுகளுக்கு வருவோம். பிள்ளை பிறந்ததும் சீம்பாலைக் கறந்து ஊற்றிவிட்டுச் சீனித்தண்ணீர் கொடுத்த வீடுகள் எத்தனை! கோரோசனை உரைத்து நாவில் தடவிய கைகள் எத்தனை! பேரப்பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்த பாட்டிமாரின் கைகள்தாம் அவை. அவர்களுடைய அன்பிலே குறையில்லை. ஆனால் சீம்பாலிலே நோயெதிர்க்கும் பொருள்கள் செறிந்திருக்கின்றன என்பதை அன்பு தானாக அறிந்துகொள்ளாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தால் அரிதாயினும் கொடிய ஒரு நஞ்சு உண்டாகலாம் என்பதும் அன்புக்குத் தானாகத் தெரியாது. எண்ணியும் சோதித்தும் பார்த்த பின்னரே இவை தெரியவந்தன.

அப்படியானால் பழையதெல்லாம் பொய்யா? அவ்வாறு கூறுவோர் ஆதாரத்தை மதிப்பவரல்லர், புதுமையை வழிபடுபவர். 31 நாள் துடக்கென்ற பெயரிலே எமது யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி அடுக்களை வேலையிலிருந்து விடுபட்டு, பத்தியக் கறியோடு சோறுண்டு, பிள்ளையை அணைத்துப் படுத்திருந்தாளென்றால், அந்த ஓய்வை அவளிடமிருந்து பறிக்க எந்த விஞ்ஞானமும் கட்டளையிடவில்லை. துடக்கு என்ற தீட்டுக் கொள்கையை நாம் எதிர்க்கின்றோம்; அதற்குள் ஒளிந்திருந்த ஓய்வை ஆதரிக்கின்றோம். வழக்கத்தை வழக்கமென்பதற்காக ஏற்பதுமில்லை, எறிவதுமில்லை. தராசிலே வைத்துப் பார்க்கின்றோம்.

அதே தராசிலே பட்டம் பெற்றோரும் ஏறத்தான் வேண்டும். அமெரிக்க வைத்தியர் பெஞ்சமின் ஸ்பொக் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல் 1946இலே வெளிவந்து கோடிக்கணக்கிலே விற்பனையாயிற்று. 1950களின் பிற்பகுதியில் வந்த அதன் பதிப்புகள் குழந்தையைக் குப்புறக் கிடத்தித் தூங்கவைக்கும்படி கூறின. மல்லாக்கக் கிடந்தால் வாந்தியெடுக்கும்போது மூச்சடைக்குமென்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாயிருக்கின்றது! எண்ணிப் பார்த்தவர் மட்டும் இல்லை. குப்புறக் கிடத்திய குழந்தைகளே தொட்டிலிலே திடீரென மாண்டுபோகும் ஆபத்துக்குக் கூடுதலாக உள்ளாகின்றன என்பதற்கான ஆதாரம் 1970ஆம் ஆண்டளவிலேயே சிதறிக் கிடந்தது. அதை ஒன்றுசேர்த்துக் கூட்டிப் பார்ப்பார் இல்லை. பிரித்தானியாவிலே 1991இலும் அமெரிக்காவிலே 1994இலுந்தான் "மல்லாக்கக் கிடத்துங்கள்" என்ற பெரும் பிரசாரம் தொடங்கிற்று. அதன்பின் அம்மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகவும் அதற்குக் கீழும் குறைந்தன. பழைய ஆய்வுகளை 2005இலே திரட்டிப் பார்த்த ஆய்வாளர், காலத்தோடு கூட்டிப் பார்த்திருந்தால் பிரித்தானியாவிலே மட்டும் 10,000 குழந்தைகளுக்கு மேல் பிழைத்திருக்கலாமென்று மதிப்பிட்டனர். பாட்டியின் கோரோசனையை எள்ளி நகையாடும் படித்த கூட்டம் இந்தக் கணக்கையும் நெஞ்சிலே பதித்துக்கொள்ளட்டும். ஆதாரமற்ற அபிப்பிராயம் வெள்ளை அங்கி அணிந்து வந்தாலும் அபிப்பிராயமே.

இதுவரை அறியாமையைப் பற்றிப் பேசினோம். அறிந்தே செய்யப்படும் கேட்டைப் பற்றி இனிப் பேசவேண்டும்.

1939இலே சிங்கப்பூரில் ரோட்டரிக் கழகத்தார் முன்னிலையிலே சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர் ஓர் உரை நிகழ்த்தினார். "பாலும் கொலையும்" என்பது அதன் தலைப்பு. இனிப்பூட்டிய தகரப்பாலைக் குழந்தைக்கு உகந்ததென விளம்பரஞ்செய்து விற்போர் செய்வது கொலையே என்று அவர் அஞ்சாது கூறினார். கேட்டவர்கள் கேட்டுவிட்டுப் போயினர். 35 ஆண்டுகள் கழிந்து, 1974இலே, 'குழந்தைக் கொலையாளி' என்ற பிரசுரம் இங்கிலாந்திலே வெளிவந்தபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் தாதியுடை அணிந்த விற்பனைப் பெண்கள் பிரசவ விடுதிகளுக்குள்ளே நுழைந்து இலவசப் பால்மாத் தகரங்களைக் கொடுத்தனர். தகரம் தீரும்போது தாயின் பாலும் வற்றியிருந்தது. அடுத்த தகரத்தைக் காசு கொடுத்தே வாங்கவேண்டும். காசு போதாத தாய் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினாள். தண்ணீரோ சுத்தமற்றது. வயிற்றோட்டம் பிள்ளையைக் கொண்டுபோயிற்று. 1981இலே உலக சுகாதாரச் சபை தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச நெறிக்கோவையை நிறைவேற்றியபோது 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்தது ஒரே ஒரு நாடு: அமெரிக்க ஐக்கிய நாடு. இலங்கை அந்நெறிக்கோவையை மிக முற்பட்டே ஏற்றுக்கொண்ட நாடுகளில் ஒன்றென்பதை நாம் பெருமையோடு கூறிக்கொள்ளலாம்.

வியாபாரி தகரத்தை மட்டும் விற்கவில்லை. அளவுகோலே அவனுக்குச் சாதகமாயிருந்தது. இதைச் சற்று விரித்துக் கூறவேண்டும். ஏனெனில் "எண் பொய் சொல்லாது" என்று நம்புவோர் அறியவேண்டிய பாடம் இதிலேதான் இருக்கின்றது.

கிளினிக் கொப்பி என்று எமது தாய்மார் அழைக்கும் சுகாதாரப் பதிவேட்டிலே குழந்தையின் நிறையைக் குறிக்கும் வளைகோடுகள் இருக்கின்றன அல்லவா? அக்கோடுகள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு காலத்தில், யாரோ சில குழந்தைகளை நிறுத்து வரைந்தவை. 1970களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ 30 ஆண்டுகள் உலக நாடுகள் பலவற்றிலும் வழங்கிய கோடுகள் அமெரிக்காவின் குழந்தைகளைக் கொண்டு வரையப்பட்டவை. கைக்குழந்தைப் பருவத்துக்கான பகுதி ஒகையோ மாநிலத்திலே, பெரும்பாலும் போத்தல் பால் குடித்து வளர்ந்த வெள்ளையின மத்தியதர வர்க்கக் குழந்தைகளை நிறுத்துப் பெறப்பட்டது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை முதலிரு மாதங்களில் விரைவாக நிறையேறிப் பின்னர் சற்று மெதுவாக ஏறுகின்றது. அது இயற்கை. ஆனால் போத்தல் குழந்தையின் கோட்டோடு ஒப்பிடும்போது, மூன்று நான்கு மாதத்தளவிலே தாய்ப்பால் குழந்தை "பின்தங்குவதாக"த் தோன்றிற்று. எத்தனை தாய்மாரிடம் "உன் பால் போதவில்லை" என்று கூறப்பட்டிருக்கும்! எத்தனை பேர் அழுதுகொண்டே பால்மாத் தகரத்தைத் திறந்திருப்பர்! எண் சரியாகவே எழுதப்பட்டது, தராசும் பழுதற்றது, கோடுதான் வேறொருவனுடையது.

உலக சுகாதார நிறுவனம் இப்பிழையை உணர்ந்து, பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளிலே, தாய்ப்பாலூட்டப்பட்டு நல்ல சூழலில் வளர்ந்த ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்து, 2006இலே புதிய நியமத்தை வெளியிட்டது. அதிலே இன்னோர் உண்மையும் துலங்கிற்று. ஊட்டமும் சுகாதாரமும் கிடைக்குமானால் கானாவின் குழந்தையும் நோர்வேயின் குழந்தையும் முதல் ஐந்தாண்டுகளிலே ஏறத்தாழ ஒன்றுபோலவே வளர்கின்றன. "எங்கள் சனம் இயல்பாகவே சிறுத்த உருவம்" என்று தோட்டத்துப் பிள்ளையின் மெலிவுக்குச் சமாதானம் கூறுவோரின் வாயை அடைக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

எமக்குப் பிடித்த உண்மையையும் நாம் அதே தராசில் நிறுக்கவேண்டும். இல்லையேல் வியாபாரிக்கும் எமக்கும் வேறுபாடில்லை. தாய்ப்பாலின் மேன்மையைப் பாடுவோர் சிலர் அதை அமிர்தமாக்கி, அது தராத வரங்களையெல்லாம் தருவதாகக் கூறுகின்றனர். பெலாரஸ் நாட்டிலே 1990களில் 17,000 குழந்தைகளைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தாய்ப்பாலூட்ட ஊக்கமளிக்கப்பட்ட வைத்தியசாலைகளில் பிறந்த குழந்தைகளிலே வயிற்று நோய்த்தொற்று முதலாண்டில் 13 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஆனால் பிற்காலத்து உடற்பருமன் குறையவில்லை. ஆதலால் உள்ளதை உள்ளபடி கூறுவோம். சுத்தமான நீரும் வைத்திய வசதியும் குறைந்த இடத்திலே தாய்ப்பால் உயிர்காப்பு. மற்ற இடங்களிலும் அது நன்று. நோயினாலோ வேறு காரணத்தினாலோ பாலூட்ட இயலாத தாயை நோக்கி விரல் நீட்டுவதற்கு அது ஆயுதமன்று. ஆதாரத்தைச் சாட்டையாக்கித் தாயின் முதுகிலே வீசுவோரை நாம் ஆதாரத்தின் நண்பர்களாகக் கருதவில்லை.

எமது நாட்டின் கணக்குக்கு வருவோம். 1934–35இன் மலேரியாக் கொள்ளைநோய்க் காலத்திலே, 1935ஆம் ஆண்டில், உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளுக்கு 263 குழந்தைகள் ஓராண்டு நிரம்புமுன் மாண்டன. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்ற காலம் அது. இன்று அவ்வெண் 10க்குக் கீழே இறங்கியிருக்கின்றது. இது எப்படி நிகழ்ந்தது? ஒவ்வொரு தாயும் தனித்தனியே ஆய்வு படித்து முடிவெடுத்ததனாலா? அல்ல. 1926இலே களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரந்தது. இலவச வைத்தியம் வந்தது. இலவசக் கல்வி வந்தது. பங்கீட்டு அரிசி வந்தது. மலேரியா நுளம்பு கட்டுப்படுத்தப்பட்டது. இவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கென்று அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர், வாதிடட்டும். அவை அனைத்தும் பொதுமக்களின் பணத்தால், பொதுமக்களின் போராட்டத்தால் வந்தவை என்பதிலே வாதமில்லை.

அந்த முறையின் அடித்தளத்திலே நின்றவள் பொதுச் சுகாதார மருத்துவ மாது. வெயிலிலும் மழையிலும் வீடு வீடாகச் சென்று, கர்ப்பிணியைப் பதிந்து, பிள்ளையை நிறுத்து, கொப்பியிலே புள்ளியிட்டவள் அவள். எமது நாட்டின் உண்மையான புள்ளிவிபர அறிஞர் அவளே என்று கூறத் துணிகின்றோம். அவள் இட்ட புள்ளி இரண்டிடத்திலே வேலை செய்தது: ஒன்று தாயின் கையிலுள்ள கொப்பியிலே, மற்றது நாட்டின் கணக்கிலே. இதுவே ஆதாரத்தின் உரிய வடிவம். நைஜீரியக் கிராமமொன்றிலே வளர்ச்சி அட்டையை உருவாக்கிய வைத்தியர் டேவிட் மோர்லி, அட்டை வைத்தியசாலை அலுமாரியில் இருக்கக்கூடாது, தாயின் கையிலேயே இருக்கவேண்டும் என்று வற்புறுத்தியதன் பொருளும் இதுதான்.

ஆயினும், சராசரி என்பது சில வேளை திரையாகவும் தொங்குகின்றது. தோட்டப் பகுதியின் சிசு மரண வீதம் பல பத்தாண்டுகளாக நாட்டின் சராசரிக்கு மேலேயே இருந்துவந்தது. தோட்டத்தின் சுகாதாரம் தோட்ட நிர்வாகத்தின் தயவில் விடப்பட்டிருந்தது. 1948இலே குடியுரிமையையே பறிகொடுத்த மக்களின் பிள்ளைக் கணக்கு யாருக்கு வேண்டும்? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வை எடுத்துப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் 17 சதவீதம். தோட்டப் பகுதியிலே ஏறத்தாழ 32 சதவீதம். "17" என்று மட்டும் வாசிப்பவனுக்கு லயத்துக் குழந்தை கண்ணிற் படாது. 2022இன் நெருக்கடி ஆண்டிலே கொழும்பின் உணவு விலைகள் ஓராண்டுக்குள் 90 சதவீதத்துக்கு மேல் ஏறியபோது, எத்தனை பிள்ளைகள் மெலிந்தன என்ற கணக்கே அரசியற் சச்சரவாயிற்று. பிள்ளைகளின் பசியைத் தீர்ப்பதைவிடப் பசியின் எண்ணைச் சிறிதாக்குவது சிலருக்கு இலகுவாயிருந்தது.

இனி எமது வாதத்தின் மையத்துக்கு வருகின்றோம். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டுமென்று உலக சுகாதாரச் சபை 2001இலே பரிந்துரைத்தது. ஆறு மாதமென்பது ஏறத்தாழ 180 நாள். எமது நாட்டின் சட்டம் 2018இலே திருத்தப்பட்டு, எத்தனையாவது பிள்ளையாயினும் தாய்க்கு 84 நாள் விடுமுறை என்றாயிற்று. அதற்கு முன்னர் மூன்றாம் பிள்ளையிலிருந்து பாதியே கிடைத்தது. திருத்தத்தை வரவேற்கின்றோம். ஆனால் 180இலிருந்து 84ஐக் கழித்துப் பாருங்கள். 96 நாள். அந்த 84இலும் ஒரு பகுதி பேற்றுக்கு முன்னரே கழிந்துவிடுவதும் உண்டு. இந்த 96 நாளிலும் மலையேறிக் கொழுந்து பறிக்கும் தாய், ஆடைத் தொழிற்சாலையிலே நிமிடத்துக்கு இத்தனை உருப்படியென்று தைக்கும் தாய், கடையிலே நாள் முழுதும் நிற்கும் தாய் எவ்வாறு விஞ்ஞானத்தின்படி நடப்பாள்? பாலூட்டும் இடைவேளை சட்டப் புத்தகத்திலே எழுதப்பட்டிருக்கின்றது. மலை உச்சியிலே கூடையோடு நிற்பவளுக்கும் பிள்ளை மடுவத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சட்டப் புத்தகம் அளக்கவில்லை. கொழுந்தின் நிறை குறைந்தால் கூலி குறையும். பிள்ளையின் நிறை குறைந்தால் பழி அவளுக்கு. இரண்டு தராசுகளுக்கு நடுவிலே நிற்கின்றாள் அவள். ஒரு தராசைக் கங்காணி பார்க்கின்றான்; மற்றதை உலகமே பார்க்கின்றது.

"82 சதவீதமான குழந்தைகள் தாய்ப்பால் மட்டுமே அருந்துகின்றனரே, பின்னென்ன குறை?" என்று கேட்பர். 2016இன் மதிப்பாய்வு அவ்வாறுதான் கூறுகின்றது. உலக அளவிலே அது உயர்ந்த எண் என்பதும் உண்மை. ஆனால் அந்த எண்ணை வாசிக்கத் தெரியவேண்டும். நேற்றுப் பிறந்த குழந்தையையும் ஐந்து மாதம் கடந்த குழந்தையையும் ஒன்றாகச் சேர்த்தெடுத்த கணக்கு அது. வயது ஏறஏற விகிதம் இறங்குகின்றது. எந்த மாதத்திலே, எந்த வேலை செய்யும் தாயிடத்திலே அது இறங்குகின்றது என்று பிரித்துக் கேளுங்கள். விடுமுறை முடியும் நாளுக்கும் போத்தல் வீட்டுக்குள் வரும் நாளுக்கும் உள்ள உறவு அப்போது புலப்படும்.

ஆகவேதான், ஒவ்வொரு பெற்றோரும் தத்தம் வீட்டிலிருந்து ஆதாரம் படித்து முடிவெடுக்கட்டும் என்ற புதிய உபதேசத்தை நாம் ஏற்க மறுக்கின்றோம். இந்த உபதேசத்தின் பின்னாலும் ஒரு கடை திறந்திருக்கின்றது. குழந்தை எத்தனை நிமிடம் தூங்கிற்று, எத்தனை தரம் குடித்தது, எத்தனை துணி நனைத்தது என்று கைத்தொலைபேசியிலே குறித்துவைக்கும் செயலிகள் விற்கப்படுகின்றன. இரவு இரண்டு மணிக்குக் கண்விழித்திருக்கும் இளந்தாய் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதா, திரையின் கோட்டைப் பார்ப்பதா என்று தவிக்கின்றாள். ஒரு குழந்தை ஓர் ஆய்வன்று. பால் குடித்தவுடன் நிறுத்தால் ஒரு நிறை, சிறுநீர் கழித்தபின் நிறுத்தால் இன்னொரு நிறை. அந்த ஏற்ற இறக்கத்திலே உண்மையைத் தேடுவது அலையிலே ஊரின் பெயரைத் தேடுவது போன்றது. செம்மல்வைஸ் கண்ட உண்மை ஆயிரக்கணக்கான தாய்மாரின் கணக்கிலே பிறந்தது. ஆதாரம் என்பது தன் இயல்பிலேயே பலருடைய பிள்ளைகளால் ஆனது. பலருடைய பிள்ளைகளால் ஆனதை ஒருவருடைய பிள்ளைக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்வது எந்த நியாயத்திலே சேரும்?

தடுப்பூசியைப் பாருங்கள். 1998இலே இங்கிலாந்தில் அன்ட்ரூ வேக்பீல்ட் என்பவர் 12 குழந்தைகளை மாத்திரம் வைத்துச் சின்னமுத்துத் தடுப்பூசியையும் மனவளர்ச்சிக் கோளாறையும் தொடர்புபடுத்தி எழுதினார். 2010இலே அக்கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளிலே "எனது பிள்ளைக்கு நானே முடிவெடுப்பேன்" என்று கூறிய படித்த பெற்றோர் ஆயிரக்கணக்கிலே தடுப்பூசியை மறுத்தனர். அடங்கியிருந்த நோய் மீண்டது. சின்னமுத்தைத் தடுக்க 95 சதவீதமான பிள்ளைகளுக்கு ஊசி வேண்டும். ஊசி போட இயலாத கைக்குழந்தையைக் காப்பது அயலிலுள்ள பிள்ளைகளின் ஊசியே. 2019இலே இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது இத்தகைய பொது ஒழுங்கின் வெற்றி. அந்த வெற்றியும் நிரந்தரமன்று. 2023இலே நோய் மீண்டும் தலைகாட்டியபோது ஊசி தவறிய பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. தேடியது செயலி அல்ல, கொப்பியும் கையுமாகத் திரிந்த சுகாதார ஊழியரே.

எண்ணை இகழும் எமது எழுத்தாள நண்பர்களுக்கு இறுதியாக ஒரு சொல். நீங்கள் தாயைப் பாடுகின்றீர்கள்; மகிழ்ச்சி. அவளுடைய கண்ணீரை எழுதுகின்றீர்கள், அதுவும் வேண்டியதே. அந்தக் கண்ணீரின் காரணத்தை எழுதும்போது 84 என்ற எண்ணையும் எழுதுங்கள். 32 என்ற எண்ணையும் எழுதுங்கள். 1935இன் 263 என்பது ஒவ்வொன்றும் பெயர் வைக்கப்பட்ட அல்லது பெயர் வைக்குமுன்னரே புதைக்கப்பட்ட ஒரு பிள்ளை. எண்ணத் தொடங்கியவர்கள் அன்பற்றவர்களல்லர். ஒரு பிள்ளைகூடக் கணக்கிலிருந்து தவறிவிடக் கூடாதென்று துடித்தவர்கள்.

புதிதாகப் பெற்றோரானவர்களுக்கு நாம் கூறுவதும் இதுவே. கிளினிக் கொப்பியை உங்கள் கையிலே வைத்திருங்கள். அதிலுள்ள கோடுகளை வாசிக்கப் பழகுங்கள். பாட்டி கூறினாலும் வைத்தியர் கூறினாலும் தகரத்தின் மேலுள்ள எழுத்துக் கூறினாலும், "இதை எவ்வாறு அறிந்தீர்கள்?" என்று பணிவோடும் துணிவோடும் கேளுங்கள். அத்தோடு நின்றுவிடாதீர்கள். ஆறு மாதப் பாலுக்கு ஆறு மாத விடுமுறை கேளுங்கள். தந்தைக்குக் கிடைக்கும் நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாமென்ற நிலையை மாற்றக் கேளுங்கள். வேலைத்தலத்துக்கு அருகே பிள்ளை மடுவம் கேளுங்கள். உங்கள் பகுதியிலே மருத்துவ மாதின் பதவி வெற்றிடமாயிருந்தால் அதை நிரப்பக் கேளுங்கள். சராசரியை மட்டும் காட்டாமல், தோட்டம், கிராமம், நகரமென்று கணக்கைப் பிரித்துப் பகிரங்கப்படுத்தக் கேளுங்கள்.

உங்கள் பிள்ளையைத் தராசிலே இடும்போது, அதே நாளிலே அதே தராசிலே இடப்படும் அயல் வீட்டுப் பிள்ளையையும் பாருங்கள். அப்பிள்ளையின் புள்ளி ஏன் கீழே நிற்கின்றது என்ற கேள்வி உங்கள் நெஞ்சிலே எழுமானால், அன்றுதான் நீங்கள் ஆதாரத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டவர்களாவீர்கள்.